எதிர்த்தரப்புக்கும் கேட்கும்படியாக

1

இது கதையாக எழுத நினைத்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் கேட்டது கட்டுரை. எங்கள் ஊர் வக்கீல்கள் சிலர் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்கள். அதற்குப் பொறுப்பு முகம்மது சாதிக். பக்கத்து வீட்டுக்காரனோடு எனக்கு இருந்த காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் எனக்காக வாதாடியவர் அவர்தான். ஜெயித்துக் கொடுத்த வக்கீல் கேட்டால் மறுக்க முடியுமா? நான் வேலை பார்க்கும் மின்வாரிய அலுவலகத்துக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த ரெண்டு மூணு வருசத்துல சட்டம் எம்புட்டு மாறிப்போச்சு, தீர்ப்பு எம்புட்டு வந்திருக்கு. அதை எல்லாருக்கும் புரியுத மாதிரி ஆறு பக்கம் எழுதித் தாங்க."

"நான் கதை எழுதுதவம்லா சாதிக்."

"அதாம் உங்கட்ட கேக்கேன். வக்கீல் எழுதினா வக்கீலே படிக்க மாட்டான்."

உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"2024 ஜூலையிலிருந்து நாட்டில் தண்டனைச் சட்டத்துக்குப் பெயரும் மாறியது, எண்களும் மாறின. இனிமேல் ஒருவனை 'சரியான நானூத்தி இருபது' என்று திட்டினால் செல்லாது. மோசடி முன்னூற்றுப் பதினெட்டுக்குக் குடிபோய்விட்ட—"

(விட்டுவிட்டேன். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும், கட்டுரைக்கு ஆகாது.)

இரண்டாம் தொடக்கம்:

"சட்டம் என்பது ஓடும் நதி—"

(இதை ஏன் அடித்தேன் என்று விளக்கவேண்டியதில்லை. மழைக்கு அண்ணாந்து பார்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓடும் நதியைப் பற்றிப் பேசுகிறவனை நாலு அறை விடலாம்.)

மூன்றாவது தொடக்கம் வரவே இல்லை. "ஒரு நாள் கோர்ட்டுப் பக்கம் வாங்க, தானா எழுத்து வரும்" என்றார் சாதிக். போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். வக்கீல்கள் அறையில் சங்கரசுப்பிரமணியன் என்கிற மூத்த வக்கீல் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரு சம்பவத்தைச் சொன்னார். அதோடு கட்டுரை செத்தது.

2

சம்பவத்தின் நாயகி ஜெயசித்ரா. வக்கீல். அவரால் எனக்கு வந்த சங்கடத்தை முதலில் சொல்லவேண்டும்.

நான் இதுவரை எழுதிய கதைகளில் வந்த வக்கீல்கள் எல்லாரும் வாய்தா வாங்குகிறவர்கள். எதிர்த்தரப்போடு டீ குடித்துவிட்டுக் கட்சிக்காரனுக்குக் கண்ணைக் காட்டுகிறவர்கள். அவர்களை எழுதுவது சுலபம், பேனா தானாக ஓடும். நல்ல வக்கீல் ஒருவர் கதைக்குள் வந்தால் எங்கே உட்காரச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. வாசகராகிய நீங்களும் லேசுப்பட்டவர் அல்ல. 'நேர்மையான வக்கீல்' என்று நான் எழுதியதும் உங்கள் உதடு ஒரு பக்கம் கோணுகிறது பாருங்கள்.

ஆகவே இந்தக் கதையை ஜெயசித்ராவின் மனசுக்குள் இருந்து சொல்லப் போவதில்லை. அவரை எதிர்த்து வழக்கு நடத்துகிற சங்கரசுப்பிரமணியனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறேன். எதிராளியே வியந்தால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

புதுச் சட்டங்கள் வந்த அந்த ஜூலையில் வக்கீல்கள் அறை சந்தைக்கடை போல ஆகிவிட்டதாம். முப்பது வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பிரிவு எண்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப் போயின. பெரிய பெரிய வக்கீல்கள் ஜாமீன் மனுவில் எந்தப் பிரிவைப் போடுவது என்று ஜூனியர்களிடம் ரகசியமாகக் கேட்டார்கள். அப்போது ஜெயசித்ரா ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமை காலையில், வக்கீல்களின் வாட்ஸப் குழுவில், பழைய பிரிவுக்குப் புதிய பிரிவு எது என்று தன் குரலிலேயே பேசிப் பதிந்து போட்டார். எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையும் போட்டார். பிரிவுகள் தீர்ந்ததும் அந்தந்த வாரம் வந்த தீர்ப்புகளில் முக்கியமானதைச் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

அதன்பிறகு ஊரில் பலர் சட்ட இதழ்களுக்குச் சந்தா கட்டுவதையே விட்டுவிட்டார்கள். "அதாம் ஜெயசித்ரா வாசிக்குல்லா" என்பதே பதில். சங்கரசுப்பிரமணியனும் அதில் சேர்த்தி.

கவனியுங்கள். ஜெயசித்ராவின் கட்சிக்காரருக்கு எதிராக வாதாடுகிறவர்களும் ஜெயசித்ராவிடமிருந்துதான் சட்டம் தெரிந்துகொள்கிறார்கள். இந்த வேடிக்கை இந்த ஊரில்தான் நடக்கும்.

3

இப்போது வழக்கு. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் தங்கத்தாய்க்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. கிணறு வெட்டி, கன்று வைத்து, புருசன் போனபிறகு தனி ஆளாகக் காப்பாற்றியது. காயைப் புளியங்குடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். ஒரு நாள் வரி கட்டப் போனபோதுதான் தெரிந்தது, தோட்டத்தைத் தங்கத்தாயே பேச்சிராஜா என்பவருக்கு விற்றுவிட்டதாகப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. வேறு யாரோ ஒரு பெண் தங்கத்தாய் என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறாள்.

போலீசுக்குப் போனார். இழுத்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாடு அரசு பத்திரப்பதிவுச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு கொண்டுவந்தது, 2022-இல். மோசடிப் பத்திரமாக இருந்தால் மாவட்டப் பதிவாளரே அதை ரத்து செய்யலாம், கோர்ட் வாசலுக்கு அலையவேண்டாம். ஜெயசித்ராதான் அந்த வழியில் போகலாம் என்று சொல்லி மனுப் போட்டுக் கொடுத்தார். யாராக இருந்தாலும் அன்றைக்கு அதையே சொல்லியிருப்பார்கள்.

மனு விசாரணையிலேயே கிடந்தது. 2024-இல் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டது. இனி சிவில் கோர்ட்தான். ஜெயசித்ரா உடனே வழக்குப் போட்டார். ஆனால் மோசடி தெரிந்து மூன்று வருடத்துக்குள் போடவேண்டிய வழக்கு அது. கெடு அதற்குள் தாண்டிவிட்டது. பதிவாளரிடம் மனு கிடந்த காலத்தைக் கழித்தால் தங்கத்தாய் கெடுவுக்குள் வந்துவிடுவார். கழிக்க முடியாது என்றால் கைநாட்டு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் வழக்கு வாசலிலேயே விழும். தோட்டம் போகும்.

பேச்சிராஜாவுக்கு வக்கீல் சங்கரசுப்பிரமணியன். வழக்கு காலம் கடந்தது, தள்ளுபடி செய்யவேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். கையில் ஆதரவாகத் தீர்ப்பு ஒன்றும் இல்லை, வாயை நம்பித்தான் போட்டார்.

* அடிக்குறிப்பு: மேலே சொன்ன பிரிவும் அதை நீக்கிய தீர்ப்பும் நடந்தவை. இனிமேல் வரப்போகும் தீர்ப்பு நான் கதைக்காகச் செய்தது. சாதிக் இந்த இடத்தைப் படித்துவிட்டுப் பதறினார். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் கற்பனை பண்ணிக் கொடுத்த தீர்ப்பை மனுவுல போட்டு அங்கங்க வக்கீலுக ஜட்ஜுகிட்ட வாங்கிக் கட்டிக்கிடுதாங்க. உங்க கதையில இருக்கதையும் எவனாவது எடுத்துப் போட்டாம்னா?" ஆகவே அதற்கு எண்ணும் கொடுக்கவில்லை, தேதியும் கொடுக்கவில்லை. தேடாதீர்கள்.

4

அந்தச் சனிக்கிழமை சங்கரசுப்பிரமணியன் வாசுதேவநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்று ஊருக்குச் சொல்கிறவர்தான். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று மாட்டியிருந்தார்.

"வணக்கம். இந்த வாரம் நாலு தீர்ப்பு" என்று ஜெயசித்ராவின் குரல் ஆரம்பித்தது. முதலாவது ஜீவனாம்சம். இரண்டாவது ஏதோ வாடகைத் தகராறு. அவருக்குப் பாதிக் கவனம் ரோட்டில், பாதிக் கவனம் பந்தியில் வைத்த பால் பாயசத்தில்.

"மூணாவது. இது பத்திர கேசு நடத்துதவங்களுக்கு முக்கியம். பதிவாளர்கிட்ட மனுப் போட்டு அங்கன கெடந்த காலத்தைக் கெடுவுல கழிக்க முடியாதுன்னு இதுல சொல்லியிருக்கு. எங்கிட்ட இருக்க ஒரு கேசுக்கும் இது எதிராத்தான் இருக்கு. நாலாவது, செக் கேசு..."

வண்டியை ஓரங்கட்டிவிட்டார். திரும்பப் போட்டுக் கேட்டார். அதே குரல், அதே வேகம். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை.

அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'இதில் ஏதோ பொறி இருக்கிறது.' வக்கீல் புத்தி. தன்னை அந்தத் தீர்ப்பை எடுக்கவைத்து, கோர்ட்டில் வேறொன்றைக் காட்டிக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் பேரனை விட்டு முழுத் தீர்ப்பையும் இறக்கச் சொன்னார். ரொம்ப நாள் கழித்து ஒரு தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தது அன்றைக்குத்தான் என்று தயிர்சாதத்தின் மீது சத்தியம் பண்ணாத குறையாக என்னிடம் சொன்னார். பொறி ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் சொன்னது சொன்னபடி இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் ஊரில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

"எனக்கு வேர்த்துப்போச்சுவே" என்றார். "முப்பத்தஞ்சு வருசம் கறுப்புக் கோட்டு போட்டிருக்கேன். எனக்கு எதிரா இருக்க தீர்ப்பை நானே ஊரைக் கூட்டி வாசிச்சது கெடையாது. இதை எழுதும். இதை எழுதாட்டா நீரு என்னத்த எழுத்தாளரு?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டாங்க, அம்புட்டுதான்" என்றார். சங்கரசுப்பிரமணியன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஊறுகாயை மறந்து எழுந்து போனார்.

5

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. நடந்தது நிஜம்தான். ஆனால் ஏன்? காரணம் இல்லாமல் ஒரு பாத்திரம் நல்லதைச் செய்தால் கதை நொண்டும். சில காரணங்களை எழுதிப் பார்த்தேன்.

"புகழாசை என்பது ஜெயசித்ராவுக்கு இல்லை என்று சொல்லமுடியாது. சனிக்கிழமை தோறும் ஊரே தன் குரலைக் கேட்பதில்—"

"நள்ளிரவு. ஊர் உறங்கியது. கையில் போனை வைத்துக்கொண்டு ஜெயசித்ரா அறையில் முன்னும் பின்னும்—"

(முதலாவது என் சின்னப்புத்தி. இரண்டாவது நடக்கவே வழியில்லை. அவர் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறவர்.)

கேட்டே விடுவோம் என்று அவர் ஆபீசுக்குப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேஜை நிறைய வழக்குக் கட்டுகள், ஓரத்தில் ஒரு பை எலுமிச்சை. நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நேராகவே சொன்னார்.

"அது அந்த வாரத்துத் தீர்ப்புல்லா அண்ணாச்சி. போடாம எப்படி?"

"மூணை மட்டும் வாசிச்சிருக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதாம் சங்கடம். அவங்கல்லாம் நான் வாசிக்கேன்னு சொல்லிப் புஸ்தகத்தை மூடி வெச்சிட்டாங்க. இப்ப எனக்கு வேண்டாததை மட்டும் விட்டுட்டு வாசிச்சம்னா, அதுக்குப் பேரு என்ன?"

"யோசிக்கவே இல்லையா?"

"யோசிக்காம? மாவு கரைக்கும்போதும் யோசிச்சேன். தங்கத்தாயம்மாவை நாந்தான் பதிவாளர்கிட்ட அனுப்பினேன். தோட்டம் போச்சுன்னா எம் மொகத்துல முழிக்க எனக்கே கூசும்." உடனே, "இதை எழுதாதீங்க" என்றார்.

எழுதிவிட்டேன். எழுத்தாளனிடம் எழுதாதே என்று சொல்வது பூனையிடம் கருவாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு நிறைந்திருந்தது. பெரிய காரணம் தேடிப் போனவனுக்கு 'போடாம எப்படி?' என்ற இரண்டு சொல்தான் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்று தேவைப்படவும் இல்லை.

6

திங்கட்கிழமை. வக்கீல்கள் அறை. சங்கரசுப்பிரமணியன் ஜெயசித்ராவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"யம்மா, நான் அந்தத் தீர்ப்பை எடுக்கப்போறதில்ல. நீ சொல்லித் தெரிஞ்சதை உம்மேலயே எறியதுக்கு எனக்கு மனசு வரல."

அவர் எதிர்பார்த்தது ஒரு நன்றி. கிடைத்தது வசவு.

"என்ன பேச்சு அண்ணாச்சி இது? நீங்க பேச்சிராஜாவுக்கு வக்கீலா, எனக்கு வக்கீலா? அவரு உங்கள நம்பி வந்திருக்காரு. அவருக்குச் சாதகமா இருக்கதை மறைச்சா அது அவருக்குச் செய்யுற துரோகம். எடுங்க. நல்லா எடுங்க. நான் பதில் சொல்லுதேன்."

எடுத்தார். முழுசாகப் படித்தும் காட்டினார். நீதிபதி ஜெயசித்ராவைப் பார்த்தார். ஜெயசித்ரா எழுந்தார்.

அந்தத் தீர்ப்பில் வந்த ஆள் வேறு, தங்கத்தாய் வேறு என்பதுதான் அவருடைய வாதம். அங்கே அந்த மனிதர் கெடு முடிந்தபிறகு பதிவாளரிடம் போனவர். இங்கே தங்கத்தாய் கெடு உயிரோடு இருக்கும்போதே போனவர். போன நாளில் அந்தப் பிரிவு சட்டமாக இருந்தது. "கதவைத் திறந்து வைத்து, இந்த வழியாக வா என்று சொன்னது அரசாங்கம். உள்ளே போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, அது கதவே இல்லை, நீ வெளியே நின்றதாகத்தான் கணக்கு என்று சொல்வது நியாயமா?" என்று கேட்டார். உட்கார்ந்தார்.

"எதிர்த்தரப்புல நின்னுக்கிட்டு மனசுக்குள்ள 'சபாசு'ன்னேன்" என்றார் சங்கரசுப்பிரமணியன். (இதைப் பேச்சிராஜா படிக்கக்கூடாது.)

உத்தரவுக்காக வழக்கை ஒத்திவைத்தார் நீதிபதி. ஆடித்தபசுத் திருவிழா கழிந்து ஒரு தேதி.

7

எல்லாரையும் கேட்டேன், தோட்டத்துக்காரியைக் கேட்கவில்லையே என்று உறைத்தது. ஒரு நல்ல வக்கீலின் நேர்மைக்கு இன்னொருத்தியின் தோட்டமா பலி என்ற கேள்வி உங்களுக்கு முன்பே வந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. பஸ் ஏறிப் புளியங்குடிக்குப் போனேன். கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற இடத்தில் தங்கத்தாய் இருந்தார். ஐம்பத்தைந்து வயது. நான் ஒரு பத்திரிகைக்காரன் என்று நினைத்துக்கொண்டு முதலில் முறைத்தார்.

"வக்கீலம்மா வெள்ளிக்கெழமையே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க தம்பி. 'இப்படி ஒண்ணு வந்திருக்கு, நமக்கு ஆகாது, நாளைக்கு இதை நான் குழுவுல வாசிக்கணும், உங்களுக்குச் சம்மதம் இல்லன்னா கேசுக் கட்டை எடுத்துக்கிட்டு வேற வக்கீலுகிட்டப் போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்'னாங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

"நீங்க வாசிக்காட்டா எதிர் வக்கீலுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு."

அழுகல் காய் ஒன்றைப் பொறுக்கி ஓரமாக எறிந்தார்.

"எம் பேரைச் சொல்லி ஒருத்தி கைநாட்டு வெச்சாள்லா, அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியும். ஒருத்தன் எங்க தெருக்காரன், எம் மவ கல்யாணத்துல பந்தி பரிமாறினவன். 'இது தங்கத்தாய் இல்ல'ன்னு அவன் வாயைத் தொறந்திருந்தா எனக்குக் கோர்ட்டு எந்தத் திசையில இருக்குன்னே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சவன் வாயை மூடிக்கிட்டதாலதான் நான் இங்கன வந்து நிக்கேன். வக்கீலம்மாவையும் வாயை மூடச் சொல்லி நான் தோட்டத்தை வாங்கணுமா? வாசிங்கன்னுட்டேன்."

நான் குனிந்துகொண்டேன். கண் கலங்கிவிட்டது. எலுமிச்சைக் காட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார். "தோத்துப்போனா வக்கீலம்மா வீட்டு வாசல்ல நின்னு நல்லா ஏசுவேன். அதையும் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். 'ஏசுங்க'ன்னாங்க."

(ஒரு பின்குறிப்பு. இந்தப் பேச்சை நான் எழுதியிருந்தால் இவ்வளவு நேராக எழுதியிருக்க மாட்டேன். கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் பூடகமாக, வாசகருக்கு வேலை வைத்து எழுதியிருப்பேன். தங்கத்தாய்க்கு அந்த வித்தை தெரியவில்லை. நல்லவேளை.)

8

மலர் அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. உத்தரவு வரவில்லை. சாதிக் முடிவு கேட்கிறார். எழுதிப் பார்த்தேன்.

"நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தங்கத்தாயின் வழக்கை ஏற்றுக்கொள்வதாக—"

(இப்படி முடித்தால் அந்தச் சனிக்கிழமை லாபம் பார்த்துச் செய்த காரியம் போல ஆகிவிடுகிறது. ஜெயசித்ரா அப்படிச் செய்யவில்லை.)

"வழக்கு தள்ளுபடி. தங்கத்தாய் கோர்ட் வாசலில் அப்படியே உட்கார்ந்து—"

(இதைப் படிக்கும் ஜூனியர் வக்கீல்கள், 'அதான், சொல்லாம இருந்திருக்கணும்' என்று கற்றுக்கொண்டு விடுவார்கள். மேல்முறையீடு இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வராது.)

"பேச்சிராஜா மனம் திருந்தி, பத்திரத்தைக் கொண்டுவந்து தங்கத்தாயின் காலில்—"

(பேச்சிராஜாவைத் தெரிந்தவர்கள் மலரைக் கிழித்துப் போடுவார்கள்.)

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். உத்தரவு எதுவாக இருந்தாலும், அந்த வாரச் சனிக்கிழமை காலையில் 'வணக்கம், இந்த வாரம் இத்தனை தீர்ப்பு' என்று ஒரு குரல் வரும். அதில் இந்த வழக்கும் இருக்கும். ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் அதே வேகத்தில் வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். சாதிக்கிடம் சண்டை போட்டு என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொண்டேன். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரை ஓரங்கட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன்.

நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் அந்த நாள் வந்து போயிருக்கலாம். கோர்ட் பக்கமோ, புளியங்குடிச் சந்தைப் பக்கமோ போகிறவராக இருந்தால் என்னை முந்திக்கொண்டு உங்களுக்கு முடிவு தெரிந்திருக்கும். அது எனக்குப் பிடிக்காத முடிவாகவே இருக்கட்டும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.